சோலாரிஸ் 10: நெடுநாள் ஓட்டத்தில் தெரியும் ஓட்டைகள்

2005 ஜனவரியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட யுனிக்ஸ் வகை இயங்குதளமான சோலாரிஸ் 10 இன்றும் பல சர்வர் அறைகளில் ஸ்பார்க் (சன்னின் சொந்த பிராசசர்) இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. மாதக்கணக்கில் ரீபூட் கேட்காது. ஸோன் (ஒரே இயந்திரத்தைத் தனித்தனி சர்வர்களாகப் பிரிப்பது), டிட்ரேஸ் (ஓடும் நிரலை உள்ளே பார்க்கும் கருவி) இரண்டும் இன்னும் சோறு போடுகின்றன. ஆனால் இணையத்தைப் பார்த்தபடி நேரடியாக நிறுத்தி வைக்க அது தகுதியற்றது. அன்றாடம் தலைவலி தருவது கர்னலை விட, பழைய வழக்கத்தில் திறந்தே கிடக்கும் சர்வீஸ்களும் டீஃபால்ட் அமைப்புகளும்தான்.

பாஸ்வேர்டையே பாருங்கள். அதை ஹாஷ் ஆக, அதாவது திருப்பிப் படிக்க முடியாத வடிவமாக, மாற்ற டீஃபால்ட்டாக இருப்பது பழைய யுனிக்ஸ் கிரிப்ட் முறை. முதல் 8 எழுத்துக்கு மேல் அது பார்ப்பதே இல்லை. 20 எழுத்தில் வைத்தாலும் முதல் எட்டு பொருந்தினால் உள்ளே விட்டுவிடும். 10/08 (2008 அக்டோபர்) அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருந்தால், /etc/security/policy.conf கோப்பில் CRYPT_DEFAULT வரியை 5 என்று மாற்றினால் வலுவான ஷா-256 முறை வந்துவிடும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏற்கெனவே உள்ள ஹாஷ் தானாக மாறாது. ஒவ்வொரு கணக்குக்கும் பாஸ்வேர்டைப் புதிதாக வைக்க வேண்டும். ஹாஷ்கள் இருக்கும் ஷேடோ கோப்பில் டாலர் குறி இல்லாமல் 13 எழுத்தில் ஹாஷ் இருந்தால் அந்தக் கணக்கு இன்னும் பழைய முறையில்தான் இருக்கிறது.

அடுத்தது தொலைவிலிருந்து லாகின் ஆக உதவும் பழைய சர்வீஸான டெல்நெட். 2007 பிப்ரவரியில் வெளிவந்த ஓட்டை (பொது ஓட்டைப் பட்டியலில் சிவிஇ-2007-0882) கூச்சப்பட வைக்கும் அளவுக்கு எளியது. பயனர் பெயரின் முன்னால் '-f' சேர்த்து அனுப்பினால், டெல்நெட் டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) அதை லாகின் நிரலுக்கு ஆப்ஷனாகவே கடத்திவிடும். 'இவரை ஏற்கெனவே சரிபார்த்தாயிற்று' என்பது அந்த ஆப்ஷனின் பொருள், பாஸ்வேர்டே கேட்காது. ரூட் (முழு அதிகாரக் கணக்கு) கன்சோலில் மட்டுமே லாகின் ஆகலாம் என்ற கட்டுப்பாடு இருந்தால் அது தப்பும். bin, adm போன்ற கணக்குகள் தப்பாது. ஸ்பார்க்குக்கு 120068-02, எக்ஸ்86-க்கு 120069-02 பேட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தாலும் டெல்நெட்டை நிறுத்திவிடுங்கள்.

11/06 (2006 நவம்பர்) பதிப்பு முதல் உள்ள 'நெட்சர்வீசஸ் லிமிடெட்' (netservices limited) கட்டளை எஸ்எஸ்எச் (மறையாக்கத்தோடு தொலைவிலிருந்து லாகின் ஆகும் வழி) தவிர மற்றவற்றை வெளியிலிருந்து எட்ட முடியாமல் செய்யும். நல்ல கட்டளைதான், விலையும் உண்டு. பிற சர்வர்களின் லாக்கை வாங்கும் இயந்திரமாக இருந்தால் சிஸ்லாக் வரத்து நின்றுபோகும். எந்த சர்வீஸ் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று சொல்லும் ஆர்பிசிபைண்ட் உள்ளுக்குள் மட்டும் கேட்பதால் என்எஃப்எஸ் (கோப்புப் பகிர்வு), என்ஐஎஸ் (கணக்குப் பகிர்வு) சர்வர்கள் முடங்கும். இந்த இரண்டு வகை சர்வர்களில் மட்டும் ஆர்பிசிபைண்டின் 'லோக்கல் ஒன்லி' (local_only) பண்பை ஃபால்ஸ் ஆக்கி, அந்த சர்வீஸை ரிஃப்ரெஷ் செய்ய வேண்டும்.

எஸ்எஸ்எச் மட்டும் திறந்திருந்தால் போதும் என்ற நிம்மதியை 2020 கெடுத்தது. லாகினைச் சரிபார்க்கும் பாம் (PAM) நூலகத்தில் பயனர் பெயரைப் பிரிக்கும் ஃபங்ஷன், 512 பைட்டைத் தாண்டிய பெயரையும் அளவு பாராமல் ஸ்டாக்கில் (நிரலின் தற்காலிக நினைவகம்) நகலெடுத்தது (சிவிஇ-2020-14871). சர்வர் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் கீபோர்டு-இன்டராக்டிவ் உள்நுழைவு வழியாக, லாகின் ஆகும் முன்பே ரூட் கைக்கு வந்துவிடும். அக்டோபர் 2020 பேட்ச்தான் தீர்வு. அதைப் போட முடியாத இடத்தில் எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச் சர்வர்) அமைப்பில் ChallengeResponseAuthentication, KbdInteractiveAuthentication இரண்டையும் 'நோ' ஆக்கி எஸ்எஸ்எச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இது எஸ்எஸ்எச் வழியை மட்டும் அடைக்கும், நூலகத்தின் பிழை அப்படியே இருக்கும். மாற்றும்போது வெளியே மாட்டிக்கொள்ளாமல் இருக்க இன்னொரு செஷன் திறந்திருக்கட்டும்.

சிடிஇ டெஸ்க்டாப்பின் டிடிஆப்கேதர் (2017), டிடிபிரிண்ட்இன்ஃபோ (2019) இரண்டும் சாதாரணக் கணக்கை ரூட் ஆக்கிய செட்யூஐடி நிரல்கள், அதாவது யார் ஓட்டினாலும் ரூட் அதிகாரத்தில் ஓடுபவை. திரையே இல்லாத சர்வரில் இவற்றுக்கு என்ன வேலை? செட்யூஐடி பிட்டை எடுத்துவிடுங்கள்.

இன்று பரவலாக இருக்கும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 8.8-லிருந்து பழைய ஷா-1 ஆர்எஸ்ஏ கையொப்பம் டீஃபால்ட்டாக இல்லை. அதனால் புதிய லேப்டாப்பிலிருந்து பழைய சன் எஸ்எஸ்எச்-க்கு இணைப்பு மறுக்கப்படும். பழைய அல்காரிதங்களை கிளையன்ட் முழுவதற்கும் திறந்துவிடாமல், அந்த ஒரு ஹோஸ்டின் பகுதியில் மட்டும் சேருங்கள்.