சோடியம் குறைந்த உப்பு: யார் வாங்கலாம், யார் தொடவே கூடாது

டாடா சால்ட் லைட் பாக்கெட்டில் 15% சோடியம் குறைவு என்று போட்டிருக்கும். ரத்தக்கொதிப்பு உள்ள வீட்டுக்கு வாங்கத் தகுந்த உப்புதான். ஆனால் சாப்பிடுகிறவரின் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும், போடும் அளவும் ஏறக்கூடாது. முதலாவது தவறினால் உயிருக்கே ஆபத்து, இரண்டாவது தவறினால் காசு வீண்.

சாதாரண உப்பு கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடு. இந்த வகையில் அதில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். சோடியம் உடம்பில் தண்ணீரைத் தேக்கி, குழாயில் ஓடும் ரத்தத்தின் அளவைக் கூட்டுகிறது, அழுத்தம் ஏறுகிறது. பொட்டாசியம் அந்தச் சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுகிறது. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைத் தொட்ட ரத்தக்கொதிப்புக்காரர்கள்தான் அதில் இருந்தார்கள். மாற்று உப்பு சாப்பிட்ட கிராமங்களில் பக்கவாதம் 14% குறைந்தது.

அந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு 25%. நம் கடை உப்பில் குறைப்பு 15% என்பதால் அதே பலனை அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. வாங்கும்போது ‘லைட்’ என்ற பெயரைப் பார்க்காமல், 100 கிராமில் எவ்வளவு சோடியம் என்று பாருங்கள். சாதாரண உப்பில் சுமார் 39 கிராம். 15% குறைத்தால் 33 வரும், 25% குறைத்தால் 29.

சுவையில்தான் பலர் சறுக்குகிறார்கள். பொட்டாசியம் குளோரைடுக்கு லேசான கசப்பு உண்டு. புளி சேரும் சாம்பார், ரசம், காரக்குழம்பில் அது தெரியாது. தயிர்சாதத்திலும் மோரிலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். உப்பு போதவில்லை என்று ஒரு ஸ்பூனுக்குப் பதில் ஒன்றேகால் ஸ்பூன் போட்டால் கணக்கு தலைகீழாகிறது: சாதாரண உப்பில் ஒரு ஸ்பூன் தருவதைவிட அதிக சோடியம் உள்ளே போய்விடும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும், அதுவரை எலுமிச்சை, மிளகு, கறிவேப்பிலையைக் கூட்டிக்கொள்ளலாம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம் உப்புக்குள். பெரியவர்கள் நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு மாதம் 600 கிராம். அதாவது ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள், இதைவிட எளிய அளவுகோல் கிடையாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் இந்தக் கணக்கில் வரவே இல்லை. உப்பை மாற்றியதால் அவற்றின் சோடியம் ஒரு துளியும் குறையாது.

இனி முக்கியமானது. சிறுநீரகம் பழுதானால் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும், அளவு மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். நாள்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தப் பழுது வெளியே தெரியாமல் இருக்கலாம். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. ரத்தக்கொதிப்புக்குப் பரவலாக எழுதப்படும் மாத்திரைகள் இதில் இருப்பதால், யாருக்காக இந்த உப்பை வாங்குகிறோமோ அவரே கவனமாக இருக்க வேண்டியவர். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் இரண்டையும் ரத்தத்தில் பார்த்து, மருத்துவரிடம் கேட்ட பிறகே மாற்றுங்கள். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்தபோதும் கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் எல்லோருக்கும் சாதாரண அயோடின் உப்பையே குறைத்துப் போட்டுச் சமைப்பதுதான் சரி.

இந்துப்பை இதற்கு மாற்றாக விற்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அயோடினும் சேர்த்திருக்காவிட்டால் கழுத்துக் கழலைக்கு வழி. கல் உப்பும் எடைக்கு எடை அதே சோடியம்.

விலை சாதாரண உப்பைவிட அதிகம். 2014-இல் தமிழ்நாடு உப்பு நிறுவனம் ‘அம்மா உப்பு’ கொண்டுவந்தபோதே சாதாரண அயோடின் உப்பு கிலோ 10 ரூபாய், சோடியம் குறைந்தது 21 ரூபாய். மாதம் 600 கிராம் என்ற அளவில் நின்றால் இந்த வித்தியாசம் பெரிய சுமையல்ல. மாற்றிய பிறகு பி.பி. இறங்கினாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குறித்து வைத்த அளவுகளோடு மருத்துவரிடம் போங்கள்.