ஒட்டு நெல்லி என்று வந்தது ஒட்டு இல்லை: கன்று வாங்குமுன் ஒன்றைப் பிளந்து பாருங்கள்

பெருநெல்லி நடப்போகிறவர்கள் கவனத்துக்கு. "என்.ஏ.7 ஒட்டு, மூணாம் வருஷமே காய்" (என்.ஏ.7 என்பது நரேந்திர ஆம்லா 7 என்ற நெல்லி ரகம்) என்று சொல்லி ஒரு நர்சரி ஒரு ஏக்கருக்கு 110 கன்று இறக்கியது. நான்கு வருடம் முடிந்தபோது பாதி மரத்தில்கூடப் பூ இல்லை. பூக்காதவை நோஞ்சானும் அல்ல, தளதளவென்று வளர்ந்து நிற்கின்றன. அவை ஒட்டே அல்ல, விதை நாற்று. விதை நெல்லி காய்க்க 7, 8 வருடம் ஆகும். அப்புறமும் காய் சிறுத்து, மரத்துக்கு மரம் வேறாக இருக்கும்.

இது இரண்டு விதமாக நடக்கிறது. விதை நாற்றில் (வேர்ச்செடி) கட்டிய நல்ல ரகத்தின் மொட்டு காய்ந்துபோய், கீழே அந்த வேர்ச்செடியிலிருந்து கிளம்பிய போத்து (புதுத் துளிர்) கன்றாக நிற்பது ஒன்று. அது அலட்சியம். இன்னொன்று அப்பட்டமான திருட்டு: பென்சில் தடிமன் நாற்றில் ஒரு சாண் உயரத்தில் கத்தியால் கீறி, பாலித்தீன் டேப்பைச் சுற்றிவிடுவது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒட்டு மாதிரியே இருக்கும்.

டேப்பை அவிழ்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மொட்டுக் கட்டிய கன்றில் பட்டையில் சதுரமாக ஒட்டிய தழும்பு இருக்கும், அதன் நடுவிலிருந்து தண்டு முழங்கை மாதிரி லேசாக வளைந்து கிளம்பியிருக்கும், மேலே வேர்ச்செடியை வெட்டிய முண்டு ஆறியிருக்கும். போலியில் தண்டு வளைவே இல்லாமல் நேராகப் போகும், முண்டும் இருக்காது. தழும்பு மேல்தோலோடு சரி. இளந்தண்டு ஒட்டு (மொட்டுக்குப் பதில் இளந்தண்டை ஆப்பாகச் சீவிச் செருகுவது) என்று சொன்னால் ஒரு கன்றைப் பலி கொடுத்து நெடுக்காகப் பிளக்கச் சொல்லுங்கள். கட்டைக்குள் பழுப்பாக ஆப்பு வடிவக் கோடு தெரிய வேண்டும். நார் கீழிருந்து மேல்வரை தடையில்லாமல் ஓடினால் அது நாற்று. ஒரு கன்றைப் பிளக்க மறுக்கிற ஆளிடம் நூறு கன்று வாங்க வேண்டியதில்லை.

பையின் அடியையும் கிழித்துப் பாருங்கள். ஆணிவேர் சுருண்டு வளையமாக இருந்தால் பையிலேயே கிடந்து முற்றிய கன்று, நட்டாலும் வேர் ஆழம் போகாது.

இரண்டாவது ஏமாற்று இன்னும் நாசூக்கானது. "ஒரே ரகமா வெச்சாத்தான் சந்தையில எடுபடும்" என்று 110-ம் என்.ஏ.7 என்றே கொடுத்தார்கள். நெல்லி தன் ரக மகரந்தத்தில் சரியாகக் காய் பிடிக்காது. அதனால் நிஜ ஒட்டாக இருந்த மரங்களிலும் பூ கொட்டியது, காய் நின்றது கொஞ்சம்தான். காஞ்சன், கிருஷ்ணா, சக்கையா என்று பூக்கும் காலம் ஒத்து வருகிற வேறு ஒரு ரகமாவது வரிசை மாற்றி இருக்க வேண்டும். கன்று விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. கையிருப்பில் இருந்ததைத் தள்ளிவிட்டார், அவ்வளவுதான்.

புகார் சொன்னபோது வந்த பதில், "போரான் குறை, மருந்து வாங்கி அடிங்க." போரான் என்ற நுண்ணூட்டம் குறைந்தால் காய் உள்ளிருந்து பழுப்பாகிக் கறுத்துப் பிசின் கட்டும். அதற்கு லிட்டருக்கு 6 கிராம் போராக்ஸ் தெளிப்பது சரியான வைத்தியமே. ஆனால் பூவே வராத மரத்துக்கு அது எதற்கு? முதலில் கன்று விற்றார்கள், பிறகு மருந்தும் விற்கப் பார்த்தார்கள்.

ரசீதில் "நெல்லிக் கன்று – 110" என்று மட்டும் இருந்தது. ரகம் இல்லை, ஒட்டு என்ற சொல்லும் இல்லை. வழக்கு பேச அங்கேயே இடம் போய்விட்டது. ரகத்தின் பெயர், எந்த முறை ஒட்டு, ரகவாரியாக எத்தனை, தாய்மரம் எங்கே இருக்கிறது, இந்த நான்கும் ரசீதில் ஏறாமல் பணத்தை நீட்டாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் மரத்தைப் பிடுங்க வேண்டாம். குளிர் முடியும் தறுவாயில், நல்ல ஈரம் இருக்கும்போது, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் தலையை வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்புப் பசை) பூசுங்கள். கிளம்பும் போத்துகளில் திசைக்கு ஒன்றாக 4 முதல் 6 வரை விட்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். அவை பென்சில் தடிமன் ஆனதும், காய்த்துக்கொண்டிருக்கிற மரத்திலிருந்து மொட்டு எடுத்துக் கட்டலாம். இங்கே என்.ஏ.7 கட்ட வேண்டாம், மகரந்தத்துக்குத் தேவைப்பட்ட அந்த இரண்டாவது ரகத்தையே கட்டுங்கள். மொட்டு பிடித்துத் துளிர்த்ததும் டேப்பை அறுத்துவிட வேண்டும். மறந்தால் தண்டு பெருக்கும்போது டேப் இறுக்கி, காற்றில் அந்த இடத்திலேயே முறியும், நெல்லிக் கிளை ஏற்கெனவே எளிதில் ஒடிகிற சாதி. மொட்டுக்குக் கீழே புதிதாகத் துளிர்ப்பதை 15 நாளுக்கு ஒரு முறை கையாலேயே ஒடித்துவிடுங்கள். ஒரு பருவம் விட்டால் திரும்ப விதை மரமாகிவிடும்.