தைத்ததா, அன்றாடமா, வாடகையா: எந்த ஹான்பொக்கை எடுப்பது?

சோல் நகரில் கொரியர்களின் மரபு உடையான ஹான்பொக்கை உடுத்திப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. அளவெடுத்துத் தைக்கும் மரபு உடை, அதை எளிமையாக்கிய 'செங்வால் ஹான்பொக்' என்ற அன்றாட உடை, அப்புறம் கியோங்போக்குங் அரண்மனையைச் சுற்றி வாடகைக்குக் கிடைக்கும் பளபள உடை. படத்தில் பார்த்தால் வாடகை உடைதான் பழையது மாதிரியும் அன்றாட உடை ஏதோ புது ஃபேஷன் மாதிரியும் தெரியும். தையலைப் பார்த்தால் கதையே வேறு.

மரபு உடையில் மேலே ஜொகொரி என்ற சட்டை, கீழே பெண்களுக்குச் சிமா என்ற பாவாடை, ஆண்களுக்கு பாஜி என்ற தொளதொள கால்சட்டை. உடம்பைப் பிடித்த மாதிரி வெட்டுவதில்லை, அதனால் மடித்தால் தட்டையாகப் பெட்டிக்குள் அடங்கிவிடும், உடுத்தினால்தான் உருவமே வரும். கழுத்துப்பட்டையின் விளிம்பில் தொங்ஜொங் என்று விறைப்பான வெள்ளைப் பட்டை ஒன்று இருக்கும், அழுக்கானால் அதை மட்டும் பிரித்துவிட்டுப் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம். மார்பில் இரண்டு நீள நாடாக்கள், பெயர் ஒட்கொரும். ஒரே ஒரு சுருக்கு மட்டும் பக்கவாட்டில் நிற்கும்படி முடிந்து, மிச்சத்தைத் தொங்கவிட வேண்டும், கை பழகாதவர்களுக்கு அது லேசில் வராது. பட்டிலோ, கோடைக்கு மோசி என்ற செடியின் நாரிலோ தைத்ததை வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது (ஹான்சான் ஊரின் மோசி நெசவு 2011-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது). ஆனால் விலை அதிகம், பராமரிப்பும் அதிகம். அந்தக் காலத்தில் துவைப்பதற்குத் தையலையே பிரித்து, துணியைக் கட்டையால் அடித்து மினுக்கி, திரும்பவும் தைத்தார்கள். அத்தனையும் பெண்கள் தலையில் விழுந்த வேலை, அதை மறந்துவிட்டு இந்த உடையைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

அன்றாட உடையில் நாடா போய் பிரஸ் பட்டன் வந்திருக்கும், பட்டுக்குப் பதில் பருத்தி, லினன், பாலியஸ்டர், பாவாடையும் குட்டையாகியிருக்கும். ஆனால் குறுக்கே மடியும் கழுத்தும் சுற்றிக் கட்டும் பாவாடையும் அப்படியே இருக்கின்றன. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ச்சொல்லிக். மேல்சட்டையையும் மடிப்புப் பாவாடையையும் இடுப்பில் இணைத்த அங்கி அது. கொரியாவை ஜோசன் அரச வம்சம் ஆண்ட காலத்தில் படை அதிகாரிகளான ஆண்கள் போட்டது, இன்றைக்குப் பெண்கள் அதை ஒன்பீஸாகப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம். மரபைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் ஜொகொரியின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஜோசன் தொடக்கத்தில் இடுப்பு வரை இருந்த சட்டை, கடைசியில் மார்பையே சரியாக மூடாத அளவுக்குக் குறுகிப்போனது. மார்பை இறுக்கிக் கட்டிய சிமாவுக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்கள் பள்ளிகளில் தோள்பட்டை வைத்துத் தைத்தார்கள், இப்போது மரபு உடை என்று தைத்துத் தருவதிலும் அது இருக்கிறது.

வாடகை உடை மலிவு, சுலபம், ஹான்பொக் போட்டிருந்தால் அரண்மனையில் 3,000 வொன் கட்டணமும் கிடையாது. ஆனால் பலவற்றில் பாவாடைக்குள் வளையம், மேலே பொன் அச்சு, லேஸ், முன்னால் நாடா இருக்க வேண்டியதற்குப் பதில் முதுகில் பெரிய ரிப்பன். அலங்காரத்தைக் கூட்டி, துணியை வெட்டும் மரபு முறையைத் தொலைத்துவிட்டார்கள். அரண்மனை இருக்கும் ஜொங்னோ வட்டாரத்தின் நிர்வாகமே 2018-ல் இதற்கு எதிராகக் குரல் கொடுத்தது.

கல்யாணம் மாதிரி பெரிய நாள் என்றால், கையில் காசும் இருந்தால், தைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி என் ஓட்டு அன்றாட உடைக்குத்தான், ஊர் திரும்பிய பிறகும் அலமாரியில் தூங்காமல் உடம்பில் ஏறுவது அதுதான். அரண்மனைக்கும் அதையே போட்டுக்கொண்டு போகலாம், மேலாடை, கீழாடை இரண்டும் ஹான்பொக்காக இருந்தால் இலவச நுழைவுக்கு அதையும் ஏற்றுக்கொள்கிறார்கள்.