மலைக்கு ஏறும் ஒட்சிசன்: சிலிண்டர் வரிசையா, பிஎஸ்ஏ இயந்திரமா, திரவத் தாங்கியா?

வைத்தியசாலைக் குழாயில் ஒட்சிசன் 4 பார் அழுத்தம் குறையாமல் நின்றால் போதும், கட்டிலில் கிடப்பவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்பது பொருட்டல்ல. சிலிண்டர் வரிசையா, காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரிக்கும் பிஎஸ்ஏ இயந்திரமா, திரவ ஒட்சிசன் தாங்கியா என்ற தெரிவு கொழும்பில் பெரும்பாலும் விலைக் கணக்கு. மலையகத்தில் அப்படி இல்லை. றம்பொடைப் பக்கம் மண் சரிந்தால் லொறி வராது. கம்பியில் மரம் விழுந்தால் கரண்ட் வராது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு, கூடவே டீசல் தட்டுப்பாடு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பாதைகளைத் துண்டித்தது. ஆகவே இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, பிரதான வழியும் மாற்று வழியும் ஒரே காரணத்தால் நின்றுபோகுமா என்பதுதான்.

தேவையைக் கணக்குப் பார்ப்போம். ஒரு ஆதார வைத்தியசாலையில் நிமிடத்துக்கு 10 லீற்றர் எடுக்கும் நோயாளர் நால்வர், 4 லீற்றர் எடுப்பவர் பத்துப் பேர் என்று வையுங்கள். மொத்தம் 80 லீற்றர், மணிக்கு 4.8 கனமீற்றர்; நாளுக்கு ஏறத்தாழ 115. 47 லீற்றர் கொள்ளளவுள்ள பெரிய சிலிண்டரை 150 பாரில் நிரப்பினால் 7 கனமீற்றர்தான் கிடைக்கும். அதாவது நாளுக்கு 16, 17 சிலிண்டர். இதில் உயர் ஓட்ட மூக்குக் குழாய் ஒன்று சேர்ந்தால் கணக்கே மாறிவிடும்: 60 லீற்றர் ஓட்டத்தில் 60 வீத ஒட்சிசன் கொடுக்க, நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 லீற்றர் தூய ஒட்சிசன் வேண்டும். ஒரே ஆள் நான்கு மணி நேரத்தில் ஒரு சிலிண்டரைக் குடித்து முடித்துவிடுவார்.

சிலிண்டர் வரிசையும் அதன் தானியங்கி மாற்றியும்

இடமும் வலமும் ஆறு ஆறாக 12 சிலிண்டர் கட்டினால் 84 கனமீற்றர். மேலே சொன்ன தேவைக்கு 17 மணி நேரம் தாங்கும். ஒரு வரிசை தீர்ந்ததும் மற்றது தானாகத் திறக்கும். இந்த மாற்றிப் பலகையில் இரண்டு வகை உண்டு. 'தானியங்கி' என்ற ஒரே பெயரில் இரண்டும் விற்கப்படுவதால் குழப்பம்.

முதல் வகைக்கு மின்சாரமே வேண்டாம். இரு பக்க ரெகுலேட்டர்களும் வெவ்வேறு அழுத்தத்தில் நிற்கும். உதாரணமாக இடம் 10 பார், வலம் 8 பார். இடப்பக்கம் 8க்குக் கீழே இறங்கியதும் வலம் தானாகப் பாயும். வெற்றுச் சிலிண்டர்களை மாற்றியபின் லீவரை மறுபக்கம் திருப்ப வேண்டும். இங்கேதான் பிழை நடக்கும். லீவரைத் திருப்பாமல் போனால், புதிதாக மாட்டிய இடப்பக்கமே மீண்டும் முன்னுக்கு வரும். பாதி தீர்ந்த வலப்பக்கம் அப்படியே 'இருப்பு' என்று நிற்கும். அடுத்த சுற்றிலும் அதே கதை. மூன்றாம் சுற்றில் இருப்பு என்று நம்பிய வரிசையில் இரண்டு மணி நேர வாயுகூட இராது. லீவர் பக்கத்தில் தேதியும் நேரமும் எழுத ஒரு அட்டை தொங்கவிடுங்கள். பைசா செலவில்லாத பாதுகாப்பு.

இரண்டாம் வகை அழுத்த உணரிகளையும் மின்காந்த வால்வுகளையும் கொண்டு முழுமையாகத் தானே மாறும். திருப்ப லீவர் இல்லை. ஆனால் நல்ல வடிவமைப்பில் கரண்ட் போனால் இரு வால்வுகளும் திறந்த நிலைக்கு வரும், வாயு தடைப்படக் கூடாது என்பதற்காக. விளைவாக இரு வரிசையும் ஒன்றாகக் கரையும். ஆறு மணி நேர மின்வெட்டுக்குப் பிறகு பார்த்தால் இரண்டும் அரைகுறை, முழு இருப்பு எங்கும் இல்லை. அதனால் இந்தப் பலகையை யூபிஎஸ்ஸிலோ ஜெனரேட்டர் வரும் அவசர மின்சுற்றிலோ இணைப்பது கட்டாயம். அடிக்கடி கரண்ட் போகும் தோட்டப்புறப் பிரதேச வைத்தியசாலைக்கு லீவர் வகையே என் தெரிவு.

எந்த வகையானாலும் சிலிண்டர் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். ஒரே திருப்பில் திறந்தால் இணைப்புக் குழாயின் முட்டில் வாயு சட்டென நெருக்குண்டு சூடேறும். அங்கே எண்ணெய்ப் பசை இருந்தால் தீப்பிடிக்கும். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையோடு வொஷரைத் தொடுவது இங்கே சர்வசாதாரணம். சிலிண்டர் அறைக்கு வெளியே கை கழுவ ஒரு குழாய் வையுங்கள்.

மயக்க வாயுவான நைட்ரஸ் ஒக்சைட்டின் சிலிண்டர் வரிசை வைத்திருக்கும் சத்திரசிகிச்சைக் கூடங்களுக்கு ஒரு தனிச் சொல். அது சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும். அழுத்தம் அளவைக் காட்டாது, வெப்பநிலையைத்தான் காட்டும். 20 பாகையில் சுமார் 50 பார், 10 பாகையில் சுமார் 40. நுவரெலியாவின் தை மாத விடியலில் வேகமாக இழுத்தால் சிலிண்டர் மேலும் குளிர்ந்து, தீர்ந்துவிட்டதாக எண்ணித் தானியங்கி மாற்றி மறுபக்கம் தாவும். நண்பகலில் பார்த்தால் 'காலியான' வரிசை அழுத்தம் ஏறி நிற்கும். தராசில் எடை பார்த்து, சிலிண்டரில் பொறித்த வெற்று எடையைக் கழித்துப் பார்ப்பதுதான் வழி.

பிஎஸ்ஏ இயந்திரம்

காற்றை அமுக்கி, சியோலைட்டு என்னும் நுண்துளைக் கனிம மணிகள் நிரப்பிய இரண்டு தூண்களில் மாறிமாறிச் செலுத்தி நைதரசனைப் பிடித்துவைக்கும் இயந்திரம். வருவது 93 வீதம், மூன்று கூடக்குறைய. ஒரு கனமீற்றருக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் மின்சாரம் கேட்கும்.

விற்பவர் சொல்லாத விடயம் உயரம். 1,868 மீற்றரில் உள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஹட்டனில் ஏழில் ஒரு பங்கு குறைவு. கம்பிரசர் ஒரே கன அளவைத்தான் உறிஞ்சும், அதில் காற்று குறைவாக இருக்கும். மணிக்கு 10 கனமீற்றர் என்று தகட்டில் பொறித்ததை நுவரெலியாவில் 8 என்று வாசியுங்கள். கேள்விப்பத்திரத்தில் நிறுவும் இடத்தின் உயரத்தை எழுதி, அந்த உயரத்தில் தரும் அளவை எழுத்தில் கேளுங்கள். அதே மெல்லிய காற்று ஜெனரேட்டரின் வலுவையும் குறைக்கும் என்பதை மறந்து, கம்பிரசர் கிளம்பும்போது ஜெனரேட்டர் படுத்துவிட்ட பிறகு வருந்திப் பயனில்லை.

மற்ற எதிரி ஈரம். மூடுபனி நாளில் கம்பிரசர் விழுங்கும் ஈரம் முழுவதும் தானியங்கி வடிகால் வழியே வெளியேற வேண்டும். அந்தச் சிறு வால்வு அடைபட்டால் தண்ணீர் தூணுக்குள் ஏறும். சியோலைட்டு ஈரத்தை விடாது, பிடிக்கும் திறன் போகும், மணிகள் நொறுங்கித் தூளாகும். அறிகுறி, தூய்மைமானி 94இலிருந்து வாரம் ஒரு புள்ளியாக இறங்குவது. வடிகாலைத் தினமும் கையால் ஒருமுறை திறந்து பாருங்கள். தூய்மை 90க்குக் கீழே போனால் இயந்திரம் தன்னை வெட்டிக்கொண்டு சிலிண்டர் வரிசைக்கு இடம்விட வேண்டும். கரண்ட் வந்தபின் தூய்மை திரும்பவும் நேரம் எடுக்கும். அந்த இடைவெளியையும் சிலிண்டர்தான் சுமக்கும்.

திரவத் தாங்கி

ஒரு லீற்றர் திரவம் 850 லீற்றருக்கு மேல் வாயு. 3,000 லீற்றர் தாங்கி ஒன்று முந்நூற்றைம்பது சிலிண்டருக்குச் சமம், மின்சாரமும் கிட்டத்தட்ட வேண்டாம். பெரிய வைத்தியசாலைக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. சிறியதற்கு வீண்: எடுக்காவிட்டாலும் அது கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

மலையில் இதற்கு இடம் பார்ப்பதுதான் சிரமம். கசியும் குளிர்ந்த ஒட்சிசன் காற்றைவிடக் கனம், சரிவில் தண்ணீர்போல் இறங்கும். மேல்தட்டில் தாங்கி, கீழ்த்தட்டில் சமையலறை, நடுவே திறந்த கான் என்றால் அந்தக் கானே நெருப்புக்கு வழி. பவுசர் நிற்கும் இடம் கொங்கிரீட்டாக இருக்க வேண்டும். தாரில் திரவ ஒட்சிசன் ஊறினால் மிதித்தாலே வெடிக்கலாம். ஈரக் காற்றில், திரவத்தை வாயுவாக்கும் ஆவியாக்கியின் துடுப்புகளில் பனி கட்டும். இரண்டு வைத்து மாறிமாறி ஓட்டாவிட்டால் குளிர்ந்த வாயு குழாய்க்குள் போகும்.

எதற்கு எது

திரவத் தாங்கிக்குச் சிலிண்டரை மாற்றாக வைத்தால் இரண்டுமே வீதியை நம்பியவை. அதனால் நடுத்தர வைத்தியசாலைக்கு பிஎஸ்ஏ முன்னுக்கு, லீவர் வகைச் சிலிண்டர் வரிசை பின்னுக்கு. பணம் இருந்தால் அந்தச் சிலிண்டர்களை அங்கேயே நிரப்பும் பூஸ்டரும். வீதி மூன்று நாள் மூடினாலும் கரண்ட் இருக்கும் மணிகளில் நிரப்பிக்கொள்ளலாம். பிரதேச வைத்தியசாலைக்குச் சிலிண்டர் வரிசை மட்டும் போதும், ஆனால் மழைக்காலத்துக்கு முன் மூன்று நாள் இருப்பு. தோட்ட மருந்தகத்துக்கு, காற்றிலிருந்து ஒட்சிசன் பிரித்து நிமிடத்துக்கு 5 லீற்றர் தரும் சிறு கொன்சன்ட்ரேட்டரும் ஒரு சிலிண்டரும்.

எதை வாங்கினாலும் எச்சரிக்கை விளக்கும் மணியும் உள்ள பலகையைச் சிலிண்டர் அறைச் சுவரில் மட்டும் மாட்டி விட்டுப் போக விடாதீர்கள். அதன் இரண்டாவது பலகை, இரவு 2 மணிக்கும் ஆள் இருக்கும் தாதியர் மேசைக்கு எதிரில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஓடும் வரிசையை மூடி, அந்த மணி உண்மையில் அடிக்கிறதா என்று பார்த்துக் குறித்துவையுங்கள்.