ஈராக் விசாரணை அறிக்கை: 767 பவுண் கொடுக்கலாமா?

ஈராக் போரில் பிரித்தானியா இறங்கியது எப்படி என்பதை ஆராய்ந்த சேர் ஜோன் சில்கொட் குழுவின் அறிக்கை 2016 ஜூலை 6ஆம் திகதி வெளியானது. 12 தொகுதிகள், 26 இலட்சம் சொற்கள், வெளியானபோது அச்சுப் பிரதியின் விலை 767 பவுண். அந்த விலைக்கு வாங்க எனக்கு வசதியில்லை. வாங்கினாலும் அலுமாரியில் இடமில்லை. முழு அறிக்கையையும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்பதால், ஏறத்தாழ 150 பக்கங்கள் கொண்ட நிறைவேற்றுச் சுருக்கத்தை மட்டும் திருகோணமலை நகரிலுள்ள ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் அச்சிட்டுக் கட்டுவித்து, இரண்டு வாரப் பின்னேரங்களில் வாசித்து முடித்தேன்.

எதிர்பார்த்ததைவிட வாசிப்பதற்கு இலகுவானது. ஒவ்வொரு பந்திக்கும் இலக்கமிட்டு, எந்தக் குறிப்பை யார் எந்த நாளில் எழுதினார், அதை எவருடன் கலந்து பேசவில்லை என்பவற்றை ஆரவாரமின்றி அடுக்கிச் செல்கிறார்கள். 2002 ஜூலை 28ஆம் திகதி பிரித்தானியப் பிரதமர் டோனி பிளேயர் அமெரிக்க ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ்ஷுக்கு அனுப்பிய குறிப்பு, எதுவானாலும் நான் உங்களுடன் இருப்பேன் என்று தொடங்குகிறது. அமைச்சரவைச் சகாக்களின் சம்மதமின்றியே அது போயிருக்கிறது. பாராளுமன்றம் 412க்கு 149 என்ற வாக்குகளால் போருக்கு ஒப்புதல் அளித்ததோ 2003 மார்ச் 18ஆம் திகதிதான். இவ்விரு திகதிகளையும் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டு வாசித்தால், அமைதி வழிகள் தீர்ந்துபோவதற்கு முன்பே போர் தெரிவுசெய்யப்பட்டது என்ற குழுவின் முடிவுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

நான் நெடுநேரம் நின்ற இடம் தெற்கு ஈராக்கிலுள்ள பஸ்ரா நகர் பற்றிய பகுதி. தங்கள் படையினரைத் தாக்கிவந்த ஆயுதக் குழு ஒன்றுடனேயே, தடுத்து வைத்திருந்தவர்களை விடுவிக்கிறோம், தாக்குதலை நிறுத்துங்கள் என்று உடன்பாடு செய்வதே சிறந்த வழி என எண்ணும் நிலைக்குப் பிரித்தானியா வந்தது அவமானகரமானது என்று அறிக்கை எழுதுகிறது. அரசாங்கம் அமைத்த குழுவொன்று தன் நாட்டின் போரைப் பற்றி இப்படி எழுதுவதை இங்கிருந்து வாசிப்பவருக்குச் சற்றுப் பொறாமையாகவே இருக்கும்.

குறைகளும் பெரியவை. சாட்சிகளிடம் சத்தியம் பெறப்படவில்லை. போர் சட்டபூர்வமானதா என்ற கேள்விக்கு விடையில்லை. சட்ட அடிப்படை உண்டு என்று தீர்மானித்த முறை திருப்திகரமாக இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 179 பிரித்தானியப் படையினர் இறந்த அப்போரில், 2009 ஜூலைக்குள் குறைந்தது 1,50,000 ஈராக்கியர், பெரும்பாலும் பொதுமக்கள், இறந்ததாகச் சில்கொட்டே அறிக்கையை வெளியிட்ட அன்று சொன்னார். ஆனால் பொதுமக்களின் இழப்பு 17ஆவது பகுதியாக, எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது. அந்த வரிசையை என்னால் ஏற்க முடியவில்லை.

விற்பனைக்குப் பின்னான சேவை என்று கடைகளில் சொல்வார்களே, அது இதற்கு இல்லை. பிளேயர் பாராளுமன்றத்துக்குச் சொன்னவற்றை மேலும் விசாரிக்கக் கோரிய பிரேரணை 2016 நவம்பர் 30ஆம் திகதி 439க்கு 70 என்று தோற்கடிக்கப்பட்டது. ஆக்கிரமிப்புக் குற்றம் இங்கிலாந்தின் சட்டத்தில் இல்லை என்று 2017இல் இலண்டன் உயர் நீதிமன்றம் பிளேயருக்கு எதிரான தனியார் வழக்குக்கு அனுமதி மறுத்தது. 2022 புத்தாண்டுக்கு அவருக்குக் காட்டர் (Garter) என்ற உயர் விருது அறிவிக்கப்பட்டு, சேர் பட்டமும் கிடைத்தது. ஆகவே தண்டனையை எதிர்பார்த்து இதை அச்சிடுபவர் காசை மிச்சம் பிடிப்பது நல்லது.

ஆயினும் நான் இதற்கு ஐந்தில் நான்கு கொடுக்கிறேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதையும் வேறு சம்பவங்களையும் ஆராய அதே ஆண்டு அமைக்கப்பட்ட உடலாகம ஆணைக்குழுவின் அறிக்கை 2015 ஒக்டோபரில்தான் பகிரங்கமானது. மாணவர் கொலை வழக்கின் சந்தேகநபர்கள் 13 பேரும் 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். அங்கேயும் எவரும் தண்டிக்கப்படவில்லை, இங்கேயும் இல்லை. ஆனால் அங்கே பிரதமர் எழுதிய குறிப்பு, திகதியோடு, எவரும் அச்சிட்டு எடுக்கக்கூடியதாகக் கிடக்கிறது. நான் குறைத்த ஒரு புள்ளி 17ஆம் பகுதிக்கானது; அதை வரும் மாதம் தனியாக அச்சிடக் கொடுக்கவிருக்கிறேன்.