சாண்டோ டொமிங்கோ பழைய நகரம்: காலையில் ஆற்றங்கரையில் தொடங்குங்கள்

டொமினிக்கன் குடியரசின் புந்தா கானா கடற்கரை விடுதிகளில் தங்குபவர்களுக்கு, அந்நாட்டுத் தலைநகருக்கு ‘சாண்டோ டொமிங்கோ ஒரு நாள் சுற்றுலா’ என்று ஒரு பஸ் பயணம் விற்கிறார்கள். அதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு வழிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர், இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம். விடியற்காலையில் ஏற்றினாலும் பழைய நகருக்குள் கால் வைக்கும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருக்கும். மதியச் சாப்பாடு, நினைவுப்பொருள் கடை, ஆற்றின் அக்கரையில் கொலம்பஸ் கலங்கரை விளக்கம் என்று நேரம் கரைந்து, கடைசியில் ‘ஸோனா கொலோனியால்’ என்ற அந்தப் பழைய நகருக்கு மிஞ்சுவது இரண்டு மூன்று மணி நேரம்தான். அதுவும் அருங்காட்சியகங்களுக்கு வெளியே நின்று போட்டோ எடுப்பதற்கு. ஓர் இரவு தங்கி இரண்டு காலைப்பொழுதுகளைக் கொடுங்கள். கரீபியனில் இதற்கு ஈடான நகர்ப்பகுதிகள் மிகச் சில.

கொலம்பஸின் தம்பி பர்த்தலோமே 1496-இல் ஓசமா ஆற்றின் கிழக்குக் கரையில் ஊரை நிறுவினார். 1502-இல் புயல் அதை அழித்ததும், ஆளுநர் நிக்கோலாஸ் தே ஓவாந்தோ ஊரை மேற்குக் கரைக்கு மாற்றி, தெருக்களைக் கட்டம் போட்டது போல நேர்நேராக அமைத்தார். அமெரிக்கக் கண்டங்களில் ஸ்பானியர்கள் பிறகு கட்டிய நகரங்களுக்கு இதுவே மாதிரி. யுனெஸ்கோ 1990-இல் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. பரப்பளவு ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் என்பதால் நடை ஒரு பிரச்சினையே இல்லை. வெயில்தான் ஆளை வீழ்த்தும்.

எந்தக் கிழமை போகிறீர்கள் என்பது முக்கியம். திங்கட்கிழமை பெரும்பாலான அருங்காட்சியகங்கள் பூட்டு. ஞாயிறு கதீட்ரலில் திருப்பலி நடக்கும், சுற்றிப் பார்க்க முடியாது. செவ்வாய் முதல் சனி வரை ஏதாவது இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஓசமா ஆற்று முகத்துவாரத்தில் தோன் தியேகோ, சான்சூசி என்று இரண்டு கப்பல் முனையங்கள் இருக்கின்றன. உல்லாசக் கப்பல் வந்து நிற்கும் நாளில் கோட்டையும் அதை ஒட்டிய தெருவும் கூட்டத்தில் திணறும். கப்பல் வரும் தேதிகளை முன்கூட்டியே இணையத்தில் பார்த்துவிடலாம்.

முதல் காலை கோட்டையில் தொடங்குங்கள். ஃபோர்த்தலேஸா ஓசமாவின் நடுவே நிற்கும் ‘தோர்ரே தெல் ஒமெனாஹே’ கோபுரத்தை 1500-களின் முதல் பத்தாண்டிலேயே எழுப்பிவிட்டார்கள். உயரம் 18 மீட்டர் சொச்சம். ஸ்பெயினில் இடைக்காலம் முடிந்துகொண்டிருந்த நேரத்தில் இங்கே அசல் இடைக்காலக் கோபுரம் ஒன்றைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். உள்ளே படி குறுகல், நிலைகள் தாழ்வு. உயரமானவர்கள் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். மேலே போனால் ஆறு கடலில் சேரும் இடம் முழுக்கத் தெரியும். எதற்காக இந்த இடத்தில் பீரங்கியை வைத்தார்கள் என்பது அங்கே நின்றாலே விளங்கிவிடும். இந்தக் கோபுரம் 20-ஆம் நூற்றாண்டிலும் சிறையாக இருந்தது. முற்றத்தில் சிலையாக நிற்பவர் கொன்ஸாலோ ஃபெர்னாந்தெஸ் தே ஒவியேதோ. இந்தக் கோட்டையின் காவல் தலைவராக இருந்துகொண்டே இத்தீவுகளின் வரலாற்றை எழுதியவர்.

கோட்டை வாசலிலிருந்து வடக்கே போவது காயே லாஸ் தாமாஸ், அதாவது ‘சீமாட்டிகள் தெரு’. கொலம்பஸின் மகன் தியேகோவுடன் 1509-இல் வந்த அவர் மனைவி மரியா தே தொலேதோவும் தோழியரும் மாலையில் உலாவிய தெரு என்பதால் அந்தப் பெயர். முழுத் தெருவும் அரை கிலோமீட்டர்கூட வராது. ஆனாலும் இங்கே அவசரப்படாதீர்கள். ஏசு சபையினரின் பழைய கோயில் ஒன்று, அவர்கள் 1767-இல் விரட்டப்பட்ட பிறகு புகையிலைக் கிடங்காகி, நாடகக் கொட்டகையாகி, சர்வாதிகாரி த்ருஹீயோ காலத்தில் தேசியத் தலைவர்களின் நினைவு மண்டபமாக மாறியது. இப்போது அதன் பெயர் பந்தேயோன். உள்ளே தொங்கும் பெரிய சரவிளக்கு ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ கொடுத்தது.

இன்னும் சில அடி தள்ளி 1753-ஆம் ஆண்டுச் சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. பலர் அதன் முன் நின்று, நிழல் காட்டும் நேரத்தைப் பார்த்து, ‘பழுதாகிவிட்டது’ என்று சொல்லிப் போகிறார்கள். பழுது எதுவும் இல்லை. இந்நாட்டு நேரம் 60 பாகை மேற்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நகரமோ ஏறத்தாழ 70 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று பார்த்தால், நிழல் உங்கள் கைக்கடிகாரத்தைவிட 40 நிமிடம் பின்தங்கித்தான் இருக்க வேண்டும். மாதத்தைப் பொறுத்து இதில் கால் மணி நேரம் வரை கூடும், குறையும்.

கடிகாரத்துக்கு எதிரே மூஸேயோ தே லாஸ் காஸாஸ் ரெயாலேஸ். ஆளுநர் மாளிகையும் அரச நீதிமன்றமும் இருந்த கட்டடம். ஒரே ஓர் அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்கே போங்கள், ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வரைபடங்கள், கடற்பயணப் பாதைகள், ஆயுத அறை, அடிமை வணிகம் என்று காலனி ஆட்சி எப்படி இயங்கியது என்பது இங்கேதான் பிடிபடும். விளக்கப் பலகைகள் பெரும்பாலும் ஸ்பானிய மொழியில் இருப்பதால், போனில் மொழிபெயர்ப்புச் செயலியை இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி முன்பே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சுவர்கள் தடிமன், உள்ளே சிக்னல் தடுமாறும்.

ஊருக்கே அடையாளமாகக் காட்டப்படும் அல்காஸர் தே கொலோன் பற்றிச் சுற்றுலாப் புத்தகங்கள் அடக்கி வாசிக்கும் ஒரு விஷயம் உண்டு. தியேகோ கொலம்பஸ் 1510-களில் கட்டிய மாளிகைதான். ஆனால் பின்னாளில் அது கூரையில்லாத இடிபாடாகக் கிடந்தது. இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி 1955–57 சீரமைப்பின் கைவண்ணம். அறைக்குள் இருக்கும் மேசை நாற்காலிகள் கொலம்பஸ் குடும்பத்துடையவை அல்ல. அந்தக் காலத்துப் பொருள்களாகத் தேடி ஸ்பெயினிலிருந்து கொண்டுவரப்பட்டவை. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. மாடியின் வளைவுத் தாழ்வாரமும் அங்கே வீசும் ஆற்றுக் காற்றும் டிக்கெட் காசுக்குப் போதும். களைப்பாக இருந்தால் உள்ளே போகாமல் சதுக்கத்திலிருந்து பார்த்துவிட்டு நகரலாம், பெரிய இழப்பில்லை.

அதற்குப் பதில் பக்கத்திலேயே இருக்கும் அத்தாரஸானாஸ் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பழைய துறைமுகக் கிடங்குக் கட்டடத்தில், மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுத்த பொருள்களை வைத்திருக்கிறார்கள். 1724-இல் குவாதலூபே, தொலோஸா என்ற இரண்டு கப்பல்கள் மெக்சிகோவுக்குப் பாதரசம் ஏற்றிப் போகும்போது புயலில் சிக்கி சமானா விரிகுடாப் பக்கம் மூழ்கின. தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கப் பாதரசம் வேண்டும். அது போய்ச் சேராவிட்டால் சுரங்க வேலை முடங்கும். ஸ்பெயின் பேரரசு எதை நம்பி ஓடியது என்பதை இந்தச் சரக்கு சொல்லிவிடும்.

பன்னிரண்டு மணிக்கு மேல் நடக்காதீர்கள். சாப்பிட்டுப் படுத்து எழுந்து நான்கு மணிக்கு மேல் வெளியே வரலாம். ஆனால் கதீட்ரலை மாலைக்குத் தள்ள வேண்டாம், சீக்கிரமே மூடிவிடுவார்கள். இரண்டாம் நாள் காலையில் திறந்ததும் நுழைவது நல்லது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. 1540 வாக்கில் கட்டி முடித்த இந்தக் கோயில்தான் அமெரிக்கக் கண்டங்களிலேயே பழைய கதீட்ரல். பூங்காவைப் பார்த்த வடக்குப் பக்கம் கோட்டைச் சுவர் போல மொட்டையாக இருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் மேற்கு முகப்புக்குச் சுற்றி வாருங்கள், நுண்சிற்ப வேலை அங்கேதான். அருகில் போய்ச் சுவரைப் பாருங்கள்: கல்லில் பவளமும் சிப்பியும் பதிந்த தடம் கண்ணுக்குத் தெரியும். 1586-இல் ஆங்கிலேயக் கடலோடி பிரான்சிஸ் டிரேக் நகரைப் பிடித்து ஏறத்தாழ ஒரு மாதம் சூறையாடி, 25,000 டக்கட் பொற்காசு வாங்கிக்கொண்டுதான் போனார். கொலம்பஸின் கல்லறை 1992 வரை இதற்குள் இருந்தது. இப்போது அக்கரைக் கலங்கரை விளக்கத்தில். உண்மையான எலும்பு தன்னிடம்தான் என்று ஸ்பெயினின் செவில் நகரமும் சொல்கிறது.

தெற்கே டொமினிக்கன் துறவிகளின் மடம். 1511 டிசம்பரில் அந்தோனியோ தே மொந்தெசினோஸ் என்ற துறவி, தியேகோ கொலம்பஸ் உள்ளிட்ட பெரிய மனிதர்களை எதிரே வைத்துக்கொண்டு, பூர்வகுடிகளைக் குறித்து ‘இவர்கள் மனிதர்கள் இல்லையா?’ என்று கேட்டது இந்த ஊரில்தான். இப்போதிருக்கும் கற்கோயில் அதற்குப் பிறகு எழுந்தது. உள்ளே ஜெபமாலை சிற்றாலயத்தின் விதானத்தில் ராசிச் சக்கரம் செதுக்கியிருக்கிறார்கள்; தலையை அண்ணாந்து பார்த்தால்தான் கண்ணில் படும். அருகே காஸா தே தொஸ்தாதோ என்ற பழைய வீட்டின் இரட்டைக் கோதிக் சாளரத்தையும், வடக்கே 1503-இல் தொடங்கிய சான் நிக்கோலாஸ் மருத்துவமனையின் இடிபாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னதில் புறாக்கள் அதிகம், தொப்பி உதவும்.

எல் கோந்தே என்ற நடைபாதைத் தெரு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பார்க்க நன்றாக இருக்கும், வாங்குவதற்குச் சுமார். அம்பர் (மரப்பிசின் பல லட்சம் ஆண்டுகளில் இறுகிக் கல்லானது) என்று விற்பதில் பிளாஸ்டிக்கும், ‘கோபால்’ (copal) என்ற முதிராத பிசினும் கலந்திருக்கும். கெட்டியான உப்புக் கரைசலில் அம்பர் மிதக்கும். கண்ணாடியும் பல பிளாஸ்டிக் வகைகளும் மூழ்கும். கோபாலும் மிதக்கும் என்பதால் இதோடு நிறுத்தக் கூடாது: அசிட்டோன் ஒரு சொட்டு விட்டால் கோபால் பிசுபிசுக்கும். நல்ல கடைக்காரர் புற ஊதா விளக்கைத் தானே எடுத்துக் காட்டுவார், டொமினிக்கன் அம்பர் அதில் நீலமாக ஒளிரும். லாரிமார் என்ற நீலக்கல் இந்நாட்டின் பராஓனா பகுதியில் மட்டுமே கிடைப்பது. வெள்ளைக் கோடுகளே இல்லாமல் ஒரே சீரான நீலமாக, மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பணம்: தெருவில் கூப்பிட்டு டாலர் மாற்றித் தருபவர்களிடம் போகாதீர்கள், நோட்டு எண்ணிக்கையில் கைவரிசை காட்டுவார்கள். வங்கிக் கட்டடத்துக்குள் இருக்கும் ஏடிஎம் மேல். அட்டை இயந்திரம் ‘டாலரா, பெசோவா’ என்று கேட்டால் உள்நாட்டுப் பணமான பெசோ என்றே அழுத்துங்கள். உணவக பில்லில் 18 சதவீத வரியும் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் ஏறும். மெனுவில் 1,000 பெசோ என்றிருந்தது 1,280-ஆக வந்தால் யாரும் ஏமாற்றவில்லை. அதற்கு மேல் டிப்ஸ் உங்கள் விருப்பம். அல்காஸர் முன்னுள்ள பிளாஸா தே எஸ்பான்யா சதுக்கத்து உணவகங்களில் காட்சிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். மதியத்துக்குச் சந்துக்குள் இருக்கும் ‘கொமெதோர்’ என்ற எளிய சாப்பாட்டுக் கடை போதும். காலையில் மங்கூ, அதாவது வேகவைத்து மசித்த வாழைக்காய், மேலே வெங்காயம். சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பச்சைத் துவரை போட்ட ‘மோரோ தே குவாந்தூலெஸ்’ சோறு பார்க்கச் சைவமாகத் தெரியும். ஆனால் ‘சோப்பித்தா’ என்ற கோழிச் சாறு கட்டியைப் போட்டுச் சமைப்பது வழக்கம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

நடைபாதை ஏற்றத்தாழ்வானது, சில இடங்களில் ஓராள் அகலம்தான். சீரமைப்புக்காகத் தோண்டிப்போட்ட தெருக்களும் குறுக்கிடும். சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் சிரமம். அப்படிப்பட்டவர்களுக்குக் கதீட்ரல் பக்கமிருந்து புறப்படும் குட்டி ரயில் வடிவ வண்டி பரவாயில்லை. இறங்கிப் பார்க்க முடியாது என்பதுதான் குறை. வழிகாட்டி வைத்துக்கொள்வதானால் சுற்றுலா அமைச்சக அடையாள அட்டையைப் பார்த்து, எத்தனை மணி நேரம், எவ்வளவு, ஆளுக்கா குழுவுக்கா என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடியுங்கள். போனைக் கையில் நீட்டியபடி சாலை ஓரம் நிற்காதீர்கள், பைக்கில் வந்து பறிப்பது நடக்கிறது. மெட்ரோ பழைய நகருக்குள் வராது. விமான நிலையம் 30 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது, ஊபர் ஓடுகிறது. சில்லறை நோட்டு வைத்திருங்கள்.

தங்குவதற்குப் பழைய வீடுகளை மாற்றி அமைத்த சிறு விடுதிகள் நிறைய. முன்பதிவின்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: அறை உள்முற்றத்தைப் பார்த்ததா, மின்சாரம் போனால் ஏசி ஓடுமா. தெருப்பக்க அறை என்றால் மூலைக் கடையின் பச்சாத்தா இசை நள்ளிரவு தாண்டியும் கேட்கும். வார இறுதியில் அதைக் குறைக்கச் சொல்லிப் பிரயோஜனமில்லை.