கலர் கோட்டட் ஸ்டீல் ஷீட் கூரை: 'பசுமை'ப் பட்டம் எவ்வளவு தூரம் பொருந்தும்?

கூரை ஷீட் விற்கிற எல்லோரும் இப்போது 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று சேர்த்துச் சொல்கிறார்கள். பாதி உண்மை. தாதுவிலிருந்து ஊதுலையில் ஒரு டன் எஃகு எடுக்க ஏறக்குறைய 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். பழைய இரும்பை மின் உலையில் உருக்கி எடுத்தால் அதில் பாதிகூட ஆகாது. ஆனால் கையில் இருக்கும் ஷீட் எந்த உலையிலிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலான கடைகளில் பதில் கிடைக்காது.

உண்மையான ஆதாயம் எடையில் இருக்கிறது. ஷீட் கூரை சதுர மீட்டருக்கு 4.5 முதல் 5 கிலோ, ஓடு 40 கிலோவுக்கு மேல், 100 மி.மீ. கான்கிரீட் தளம் 250 கிலோ. 100 சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் அரை டன் எங்கே, 25 டன் எங்கே! மேலே பாரம் குறைந்தால் ட்ரஸ் (கூரையைத் தாங்கும் சட்டகம்), தூண், அஸ்திவாரம் எல்லாவற்றையும் மெலிதாக வடிவமைக்கலாம். அங்கே மிச்சமாகும் சிமென்ட்டும் கம்பியும்தான் பெரிய சேமிப்பு. கான்கிரீட் தளத்துக்குப் போட்ட வரைபடத்தை மாற்றாமல் மேலே ஷீட்டை மட்டும் ஏற்றினால் அந்தச் சேமிப்பு கைக்கு வராது.

வாங்கும்போது ஏமாறுவது தடிமனில். '0.5 மி.மீ.' என்பது பூச்சும் பெயின்ட்டும் சேர்த்த அளவாக இருக்கும். உள்ளே எஃகு 0.45 மி.மீ., சில சமயம் அதற்கும் குறைவு. எடை போட்டுப் பார்ப்பதே நல்லது. 1220 மி.மீ. அகலச் சுருளில் உருட்டிய ஷீட்டில் எஃகு 0.45 இருந்தால் ஒரு மீட்டர் நீளம் சுமார் 4.5 கிலோ வரும். 4 கிலோதான் வருகிறதென்றால் எஃகு 0.40. அடுத்துப் பூச்சு. அலுமினியம் 55 சதவீதம், மீதி பெரும்பாலும் துத்தநாகம், கொஞ்சம் சிலிக்கான் கலந்த பூச்சில் 'ஏ.இசட். 150' கேளுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து சதுர மீட்டருக்கு 150 கிராம் என்று பொருள். பூச்சு மெலிந்தால் ஆயுள் குறையும். சீக்கிரம் மாற்ற வேண்டிய கூரையைப் பசுமை என்று சொல்ல முடியாது.

நிறத்தில் வெள்ளை அல்லது வெளிர் நிறமே சரி. பெயின்ட் இல்லாத பளபளப்பு ஷீட் வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஆனால் உள்வாங்கிய சூட்டைக் கதிர்வீச்சாக வெளியே விடாது, அதனால் தொட முடியாத அளவு கொதிக்கும். வெளிர் பெயின்ட் இரண்டையும் செய்யும். அடர் நிறம் எடுத்தால் ஏ.சி. கட்டணத்தில் தெரியும்.

நல்ல ஷீட்டையும் வேலை நடக்கும் இடத்தில் கெடுத்துவிடுவார்கள். கிரைண்டரால் வெட்டுவதுதான் முதல் குற்றவாளி. தீப்பொறி பெயின்ட்டை எரித்துக்கொண்டு ஒட்டும். சில நாளில் கூரை முழுக்கத் துருப்புள்ளி. கத்தரி அல்லது நிப்ளர் (தகட்டைக் கடித்து வெட்டும் கருவி)தான் வேண்டும். பெயின்ட் இல்லாத ஷீட்டில் வெட்டுக்குறி போடப் பென்சில் வேண்டாம், கோட்டு வழியே கிராஃபைட் பூச்சை அரிக்கும். செம்புக் குழாயிலிருந்து சொட்டும் ஏ.சி. தண்ணீரும் ஈரச் சிமென்ட் கலவையும் இதே வேலையைச் செய்யும். ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கினால் போதும். தட்டையாக நசுங்கினால் வெடித்து ஒழுகும்.

எடை குறைவு காற்றுக்கு வசதி. புயல் கூரையை அமுக்காது, மேலே உறிஞ்சி இழுக்கும். விளிம்பிலும் மூலையிலும்தான் இழுப்பு அதிகம். அங்கே பர்லின்களை (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களை) நெருக்கி, ஸ்க்ரூக்களைக் கூட்டிப் போடச் சொல்லுங்கள். இரும்பை மிச்சம் பிடிக்கிறேன் என்று இந்த இடத்தில் குறைத்தால் மொத்த ஷீட்டும் போகும்.

மழைச் சத்தத்துக்கும் சூட்டுக்கும் ஷீட்டின் கீழே 50 மி.மீ. கண்ணாடி நார் அல்லது பாறை நார் போர்வை விரிக்கலாம். அதன் உட்பக்கம் நீராவி புகாத படலம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரவில் வியர்த்து நார் நனையும். இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை ஒட்டிய சாண்ட்விச் பேனல் பொருத்தச் சுலபம், சூட்டையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் தனி ஷீட்டை ஸ்க்ரூ கழற்றி இன்னொரு ஷெட்டுக்கு எடுத்துப் போகலாம், பழைய இரும்புக்கும் போடலாம். பேனலில் நுரையைத் தகட்டிலிருந்து பிரிப்பது பெரும்பாடு. குளிர்பதனக் கிடங்கு தவிர மற்ற இடங்களுக்குத் தனி ஷீட்டும் நார் போர்வையுமே எங்கள் பரிந்துரை.